பாலி மூடியிருந்த வாரம்

சென்னைக் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும் வணக்கம். உங்கள் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன். இந்தோனேசியா என்றாலே வருகிறவர்கள் பாலி, பாலி என்று கடற்கரையையே கேட்கிறார்கள், அந்த நாட்டில் மிச்சமிருக்கும் ஊர்களை எப்படி விற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். விற்கும் வித்தை எனக்குத் தெரியாது. இருபத்து நான்கு பேரை அழைத்துக்கொண்டு போய் அந்த ஊர்களில் மாட்டிக்கொண்டவள் நான். அதை வேண்டுமானால் சொல்கிறேன்.

என் தமிழைப் பார்த்து மிரள வேண்டாம். அப்பா வங்கி வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர், நான் பிறந்து வளர்ந்தது கொல்கத்தாவின் காளிகாட். தமிழ் எனக்கு அடுக்களைப் பாஷை, வங்காளம் வாசலுக்கு வெளியே. கீழே எங்கள் ஆட்கள் யார் பேசினாலும் அது வங்காளத்தில் பேசியது, நான் என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் டூர் கம்பெனியின் ஒரு வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பவானிபூர் அலுவலகத்திலிருந்து எந்தக் குழு கிளம்பினாலும் சமையல்காரர் கூடவே போவார். ஹோட்டலின் பின்கட்டில் ஒரு அடுப்பை வாடகைக்கு எடுத்து, கொல்கத்தா சாப்பாடு போடுவார். எங்கள் பயணிகள் காஷ்மீரில் பனியைப் பார்த்துக் கண் கலங்குவார்கள், ராஜஸ்தானில் கோட்டையைப் பார்த்து வாய் பிளப்பார்கள், ஆனால் மதியம் ஒரு மணிக்கு மீன் குழம்பும் சோறும் வராவிட்டால் அந்த ஊரே மோசம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெட்டியில் முதலில் போவது குரங்குக் குல்லா, அடுத்தது வாயு மாத்திரை, இடம் இருந்தால் துணிமணி. கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், என் பெட்டியிலும் இதே வரிசைதான், கூடவே ஒரு ஊறுகாய் பாட்டில்.

அந்த இந்தோனேசியா டூரில் என்னோடு வந்த சமையல்காரர் நிதாய்-தா. 'தா' என்றால் அண்ணன். கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் ஆட்களுக்குச் சமைத்துப் பழகியவர். யார் கோபப்பட்டாலும் அவர்கள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைப்பதுதான் அவருக்குத் தெரிந்த சமாதானம். வெளிநாடு என்பதால் அவருடைய சாமான் டிரங்குப் பெட்டியிலிருந்து நான் கசகசாவை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிட்டேன். சில நாட்டு விமான நிலையங்களில் அது போதைப்பொருள் கணக்கில் சேரும். கசகசா இல்லாமல் எப்படி ஒரு வாரம் என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நீங்களும் மறக்காமல் பாருங்கள், அம்மாக்கள் பையில் பொட்டலமாக ஒளிந்திருக்கும்.

எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. அதுதான் என் முதல் வெளிநாட்டு டூர். இருபத்தைந்து வருஷமாகப் பூரி, டார்ஜிலிங், கேதார்நாத் என்று அலைந்திருக்கிறேன், ஆனால் வெளிநாடு என்றால் ஆண்களுக்குத்தான் கொடுப்பார்கள். பொம்பளைக்கு எதற்குச் சிரமம் என்பார் முதலாளி, நாங்கள் பெரிய பாபு என்று கூப்பிடுகிறவர். நான் மூன்று வருஷம் வாயைத் திறந்து கேட்டேன், நான்காவது வருஷம் சண்டை போட்டேன். சரி, போய் வா என்றார். ஒரே ஒரு நிபந்தனை. எழுத்தில் ஒரு புகார் வந்தாலும் அதற்கப்புறம் வெளிநாட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது.

திட்டம் எளிமையானது. கொல்கத்தாவிலிருந்து கோலாலம்பூர் வழியாக ஜாவாவின் சுரபாயா, அங்கே ஒரே ஒரு இரவு, அதுவும் விமானம் அப்படி அமைந்ததால்தான். மறுநாள் காலை பாலி, ஏழு இரவு. சுரபாயாவைப் பற்றி எங்கள் அச்சடித்த தாளில் 'இரவுத் தங்கல்' என்ற இரண்டு வார்த்தைதான் இருந்தது. முப்பது லட்சம் பேர் வாழ்கிற ஊரை நாங்கள் ஒரு தலையணையாக்கி வைத்திருந்தோம்.

மறுநாள் காலை விமான நிலையத்துக்குப் போனால் பலகையில் பாலி என்று போட்ட வரிகள் எல்லாம் சிவப்பு. கிழக்கே ஓர் எரிமலை சாம்பலைக் கக்கியிருக்கிறது, பாலி விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் எப்போது திறக்கும் என்று கேட்டேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பொறுத்து, நாளையும் ஆகலாம், வாரமும் ஆகலாம் என்று அவள் உண்மையைச் சொன்னாள். சாலையும் படகும் இருந்தன. ஆனால் விமானம் ஏற முடியாத அத்தனை பேரும் அந்தப் படகுத்துறையில் வண்டியோடு வரிசையில் நின்றார்கள். எழுபது வயதுக்காரர்களை அதில் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

நான் திரும்பினேன். இருபத்து நான்கு முகம் என்னையே பார்க்கிறது. முன்வரிசையில் சக்கரவர்த்தி பாபு, கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு வந்திருந்தார். அவர் எந்தப் பேச்சையும் பாதியில் விடமாட்டார். என்ன சொன்னாள் என்று கேட்டார். என் வாய் தானாகத் திறந்து, சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்துவிடுவார்களாம் என்றது.

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் செய்யக் கூடாததை நான் அந்த நிமிஷம் செய்தேன். ஆறு மணி என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்கே தெரியாது அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று. தெரியாது என்று சொன்னால் டூர் மேனேஜரான என் மரியாதை போய்விடும், போன மரியாதை புகாராக வரும், புகார் வந்தால் என் வெளிநாடு முடிந்தது. இவ்வளவும் அந்த ஒரு நொடியில் மனசில் ஓடியிருக்க வேண்டும்.

ஹோட்டலுக்குத் திரும்பினோம். ஆறு மணிக்குப் போக வேண்டுமே, அதனால் யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. வரவேற்பறையில் பெட்டிகளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே ஒரு மீன் தொட்டியும் ஒரு கடிகாரமும் இருந்தன. வங்காளிகளை மீன் தொட்டிக்கு எதிரே உட்கார வைத்தால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைக் கடுகு அரைத்துப் போட்டால் நன்றாக இருக்குமா, வறுத்தால் நன்றாக இருக்குமா என்று மத்தியானம் முழுக்க ஆராய்ச்சி நடந்தது. ஆறு மணி ஆனது. நாளைக் காலை பத்து என்றேன். பத்து மணி ஆனது. சாயங்காலம் என்றேன். நிதாய்-தா கிச்சடியும் முட்டைக் குழம்பும் போட்டுக் கொண்டே இருந்தார். இரண்டு பகல் முழுக்க ஒருவரும் தெரு முனைவரைகூடப் போகவில்லை. அரை மணியில் கூப்பிடுவார்களோ என்று எல்லாரும் செருப்போடு காத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பிரதிமா மாஷிமா என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா முறை, வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். எழுபத்தொரு வயது, பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர், தனியாக வந்தவர். அதிகம் பேசமாட்டார், அதனால் நானும் அவரை அதிகம் கவனிக்கவில்லை. அமைதியாக இருக்கிற பயணி நல்ல பயணி என்று நினைத்துவிடுகிறோம்.

"ஏம்மா, இன்னிக்கு நிச்சயமா விமானம் உண்டா?" என்றார். "இல்லேன்னா நான் அந்த நீர் மாத்திரையைப் போட்டுக்கறேன். போட்டா மணிக்கு நாலு தடவை பாத்ரூம் போகணும், விமானத்துல அது முடியாது. நீ ரெண்டு நாளா இதோ இதோங்கறே, நானும் போடாம வெச்சிருக்கேன்."

நான் குனிந்து பார்த்தேன். செருப்பின் வார் பாதத்தில் புதைந்திருந்தது. இரண்டு கால்களும் கணுக்கால் தெரியாமல் வீங்கியிருந்தன. மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, வயசாச்சு இல்லையா என்று அவரே சமாதானமும் சொன்னார். இதய வைத்தியர் எழுதிக் கொடுத்த மாத்திரையை, நான் சொன்ன பொய்யை நம்பி, அந்த அம்மாள் இரண்டு நாளாக விழுங்காமல் இருந்திருக்கிறார்.

எங்களுக்கு அமர்த்தியிருந்த பஸ்ஸின் ஓட்டுநர் ஸ்லாமெத் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். டாக்டர் இதயத்துடிப்பைப் படம் எடுத்துப் பார்த்தார், ஊசி போட்டார், மூன்று மணி நேரம் படுக்க வைத்தார். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது, நாளை ஒரு நாள் கால்களை உயர்த்தி வைத்து ஓய்வு, அதன் பிறகு சின்னச் சின்னப் பயணம் செய்யலாம் என்றார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்ற வாக்கியத்தை ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலிருந்து பெரிய பாபுவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிதானமாக, நிலைமையைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொல், பாலி திறக்கிறவரை அசையாதே, நீயாக வேறு எங்காவது கூட்டிக்கொண்டு போனால் அது உன் தலையில் விடியும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பாலிக்கு என்று வந்தவர்களை வேறு ஊருக்கு அழைத்துப் போனால், திரும்பி வந்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதுவார்கள். வரவேற்பறையில் உட்கார்த்தி வைத்தால் எரிமலையைத் திட்டுவார்கள். என் வேலைக்கு எது பத்திரம் என்பதில் சந்தேகமே இல்லை.

மறுநாள் காலை, லூச்சி என்கிற மைதாப் பூரியும் உருளைக்கிழங்குமாக எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். பசியோடு இருக்கிற வங்காளிகளிடம் கெட்ட செய்தி சொல்லாத அளவுக்கு அனுபவம் எனக்கு உண்டு. பிறகு எழுந்து நின்றேன்.

"ரெண்டு நாளா ஆறு மணி, பத்து மணின்னு சொன்னேன். அப்படி யாரும் எங்கிட்ட சொல்லலை. எல்லாம் நானா சொன்னது. எப்போ திறக்கும்னு யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாஷிமா மாத்திரையை நிறுத்தினது என் பேச்சை நம்பித்தான். மன்னிச்சுக்குங்க."

அப்புறம் எழுந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. பத்து நிமிஷம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் சக்கரவர்த்தி பாபு கையைத் தூக்கினார், சத்தம் அடங்கியது. கோர்ட்டில் கேட்கிற மாதிரியே கேட்டார். முதல் நாள் ஆறு மணி, அதற்கு என்ன ஆதாரம்? ஒன்றும் இல்லை என்றேன். மறுநாள் பத்து மணி? அதற்கும் இல்லை. இப்போது சொல்வது? இதற்கு ஆதாரம் உண்டு, கவுண்டரில் போய்க் கேட்கலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அடுத்து என்ன செய்வதாக உத்தேசம் என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. முந்தின நாள் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தபோது, ஓட்டுநர் ஸ்லாமெத்திடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஐந்து நாள் எங்காவது போகலாம் என்றால் எங்கே போவீர்கள் என்று. அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. நாளை இங்கேயே சுரபாயா, அப்புறம் மலாங், மலை ஊர், குளிர்ச்சி, அங்கிருந்து ரயிலில் யோக்யகர்த்தா என்றார். ரயில் எதற்கு, பஸ் இருக்கிறதே என்றேன். அம்மாவுக்கு ஜன்னல் பிடிக்கும் என்றார்.

இதை மட்டும் உங்கள் மேஜையில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். புது ஊரில் எது பார்க்க வேண்டிய இடம் என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள். உங்கள் அம்மாவை எங்கே கூட்டிப் போவீர்கள் என்று கேளுங்கள்.

திட்டத்தை மாற்றுவது என்றால் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சம்மதப் பத்திரத்தை எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? சக்கரவர்த்தி பாபுவேதான். ஹோட்டல் தாளில் ஓரம் விட்டு, எண் போட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். இருபத்து மூன்று பேர் போட்ட பிறகு கடைசியாக அவர் போட்டார். கையெழுத்துக்குக் கீழே, மேனேஜர் மீது புகார் செய்யும் என் உரிமைக்குப் பங்கம் இல்லாமல், என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, இன்றைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார்.

மாஷிமா ஹோட்டலில் காலை நீட்டிப் படுத்திருக்க, சக்கரவர்த்தி பாபுவின் மனைவி துணைக்கு இருந்தார். மற்றவர்களோடு நான் சுரபாயாவுக்குள் இறங்கினேன். பழைய துறைமுகப் பக்கம், மசூதியை ஒட்டிய சந்தை. பேரீச்சம்பழமும் அத்தரும் கருவாடும் ஒரே சந்தில் மணக்கிறது, நடுவில் கைவண்டி, அதற்குப் பின்னால் லாரி, லாரிக்காரர் கைவண்டிக்காரரைத் திட்டுகிறார். நிதாய்-தா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். இது கிடர்பூர்தான், குப்பை மட்டும் குறைச்சல் என்றார். அந்த ஒரு பேச்சில் எல்லாருக்கும் பயம் விட்டுப்போயிற்று. அரை மணி கழித்து நான் தலையை எண்ணினால் ஒன்பதுதான் இருக்கிறது, மற்றவர்கள் ஆளுக்கொரு கடையில் பாஷை தெரியாமல் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு நான் இன்னொன்றையும் புரிந்துகொண்டேன். எங்கள் பயணிகள் ஓர் ஊரை எவ்வளவு தூரம் பார்ப்பார்கள் என்பதை அடுப்புதான் முடிவு செய்கிறது. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு ஹோட்டல் திரும்ப வேண்டும் என்றால், ஒன்பது மணிக்குக் கிளம்பி எவ்வளவு தூரம் போய்விட முடியும்? இருபத்தைந்து வருஷமாக நான் எல்லா ஊரையும் மத்தியானச் சோற்றைச் சுற்றியே காட்டியிருக்கிறேன். அதனால் மலாங்கில் வரிசையை மாற்றினேன். பயணிகளுக்குப் பின்னால் சமையல்காரர் வருவதற்குப் பதில், சமையல்காரர் முன்னால், பயணிகள் பின்னால். காலை முதல் வேலை எல்லாரும் சந்தைக்கு. நிதாய்-தா எதைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டுகிறாரோ அதை அங்கேயே, அந்த ஊர்க்காரர்கள் சமைத்தபடி சாப்பிடுவது. அவர் தன் அடுப்பை ராத்திரிக்கு மட்டும் மூட்டினால் போதும்.

மலாங்கின் குளிரைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை. சென்னைக்காரர்களுக்கு அது இதமான காற்று. எங்கள் ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மொத்தமாகக் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டார்கள். மூன்று நாளாகப் பெட்டியில் புழுங்கிக் கிடந்த குல்லாக்களுக்கு அன்றுதான் விடிவு. பழைய ஓட்டுவீடுகள், பூச்சந்தை, மலைச்சரிவில் ஆப்பிள் தோட்டம். தோட்டத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பறித்துச் சாப்பிடலாம், வெளியே கொண்டுபோகத்தான் கூடாது என்றார்கள். ஓய்வு பெற்ற பதினெட்டு பேர் ஆப்பிள் மரத்தடியில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை நான் கம்பெனியின் மானம் கருதி விட்டுவிடுகிறேன்.

மாஷிமாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. தினமும் காலையில் எல்லாருக்கும் முன்னால் மாத்திரையை எடுத்து என் கண்ணெதிரே காட்டிவிட்டுத்தான் விழுங்குவார். வேண்டுமென்றேதான் செய்தார். எனக்கு அது நன்றாக உறைத்தது. எங்கே போனாலும் கழிப்பறை எங்கே என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டேன், ஸ்லாமெத்தும் சிரிக்காமல் உதவினார்.

ரயில் பயணம் ஏழு மணி நேரம். ஜன்னலில் நெல்வயல், தென்னை, வாய்க்கால், மறுபடி நெல்வயல், தூரத்தில் புகை விட்டபடி ஒரு மலை. இதற்கு நம் ஊர்ப் பக்கத்துப் பர்த்வானுக்கே போயிருக்கலாமே என்றார் ஒருவர். பர்த்வானில் எரிமலை இருக்கிறதா என்று மாஷிமா கேட்டார். பூகோள டீச்சர் வாயைத் திறந்தது அப்போதுதான், அதற்குப் பிறகு யோக்யகர்த்தா வரும்வரை மூடவில்லை. நிதாய்-தா காகிதக் கூம்பில் பொரி கலந்து கொடுத்தார். அடுத்த பெட்டியிலிருந்த ஜாவாக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து, உட்கார்ந்து, பொரி தின்று, தங்கள் வேர்க்கடலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

யோக்யகர்த்தாவில் எல்லாரும் சாப்பிடுவது பலாப்பிஞ்சுக் குழம்பு. பிஞ்சைப் பனைவெல்லத்தோடு மணிக்கணக்காக வேகவிடுகிறார்கள், கடைசியில் செம்பழுப்பாக, இறைச்சி மாதிரி ஆகிவிடுகிறது. வங்காளத்தில் பலாப்பிஞ்சுக்கே மரத்து ஆடு என்று பெயர். அதில் சர்க்கரை வேறு. குழம்பு, பருப்பு எதுவானாலும் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுகிற ஜனங்கள் வங்காளிகள். அந்த ஓலைக் கொட்டகைச் சாப்பாட்டுக் கடையில் முதல் கவளம் வாயில் வைத்ததும் என் பயணிகள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சக்கரவர்த்தி பாபு மூன்றாவது முறை தட்டை நீட்டினார். நிதாய்-தா என்ன சொல்வாரோ என்று பார்த்தேன். அவர் கடைக்கார அம்மாளின் அடுப்படிக்கே போய், பானைக்குள் எட்டிப் பார்த்து, கசகசாவை மறந்து போனார். நான் ஒருத்திதான் திருநெல்வேலி நாக்கோடு ஊறுகாய் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பிரம்பானன் கோயில்கள். சுற்றுச்சுவர் முழுக்க ராமாயணம் செதுக்கியிருக்கிறது, வலமாகச் சுற்றினால் கதை வரிசையாக வரும். படிகள் செங்குத்து, மாஷிமாவால் ஏற முடியாது. அவரோடு நான் கீழே மரநிழலில் உட்கார்ந்தேன். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்து வெளிநாட்டுக்காரர்களைப் பேட்டி எடுப்பார்கள், ஆங்கிலப் பாடத்துக்காக டீச்சர் அனுப்பி வைப்பது. நான்கு பெண்கள் நோட்டோடு மாஷிமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். பெயர், ஊர், பொழுதுபோக்கு எல்லாம் கேட்டு எழுதினார்கள். கடைசிக் கேள்வி, பாலிக்குப் போனீர்களா?

மாஷிமா இல்லை என்றார். விமானம் இல்லை, போக முடியவில்லை.

நான்கு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். "நாங்களும் போனதில்லை" என்றாள் நோட்டை வைத்திருந்தவள்.

மாஷிமாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் நாற்பது வருஷம் காளிகாட்டில் இருந்துகொண்டு விக்டோரியா நினைவு மண்டபத்துக்குள் போனதே இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த மரத்தடியில்தான் எனக்கு முதல்முறையாக நெஞ்சு லேசானது. நாலைந்து நாளாக நான் இவர்களுக்கு பாலிக்குப் பதிலாக எதையோ காட்டிக்கொண்டிருக்கிறேன் என்ற குற்ற உணர்ச்சியில் இருந்தேன். அந்தப் பெண்கள் எதற்கும் பதிலாக அங்கே வாழவில்லை. அது அவர்கள் ஊர். பாலிக்குப் பதில் என்று ஒரு ஊரை நீங்கள் விற்றால், வாங்குகிறவர் அங்கே போய் நின்றுகொண்டு இல்லாத கடலைத் தேடுவார்.

திரும்பும் நாள் யோக்யகர்த்தா விமான நிலையத்தில் பலகையைப் பார்த்தால் பாலி விமானம் நேரத்துக்குக் கிளம்புகிறது. இருபத்து நான்கு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நம் விமானத்துக்கு எந்த எண் வாசல் என்று சக்கரவர்த்தி பாபு கேட்டார்.

கொல்கத்தா வந்த ஆறாம் நாள் புகார் வந்தது. சக்கரவர்த்தி பாபு எழுதியது, எண் போட்டு, ஓரம் விட்டு. மேனேஜர் முதல் நாள் மாலை ஆறு மணி என்றும், மறுநாள் காலை பத்து மணி என்றும், பிறகு மாலை என்றும் ஆதாரமில்லாமல் சொன்னார், அதனால் ஒரு மூத்த பயணியின் உடல்நலம் கெட்டது. அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பெரிய பாபு அதை மேஜையில் என் பக்கம் திருப்பி வைத்து, உண்மையா என்றார். உண்மை என்றேன். எரிமலை, பதற்றம் என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. நான் சொல்லவில்லை. சரி, இனிமேல் அலுவலகக் கவுண்டர் என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மெட்ரோவில் அழுதேன். ஐம்பத்தொரு வயதில் மெட்ரோவில் அழுதால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள், அது ஒரு சௌகரியம்.

ஒரு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து மற்றவர்களுடைய பாலியைப் பதிவு செய்தேன். அடுத்த துர்கா பூஜை விடுமுறைக்குக் கூட்டம் அலைமோதிய ஒரு காலையில், என் கண்ணாடித் தடுப்புக்கு எதிரே சக்கரவர்த்தி பாபு வந்து உட்கார்ந்தார். மனைவி, மைத்துனர், மைத்துனர் மனைவி, பின்னால் பிரதிமா மாஷிமா, அவர் தெருவிலிருந்து மூன்று டீச்சர்கள். ஜாவா போக வேண்டும் என்றார். சுரபாயா, மலாங், யோக்யகர்த்தா, இந்தத் தடவை அதன் பக்கத்து ஊரான சோலோவும். பாலி வேண்டாமா என்று கேட்டேன், கேட்பது என் வேலை. வேண்டாம் என்றார். மேனேஜராக நீங்கள்தானே வருவீர்கள் என்றார்.

என்னால் வர முடியாது, உங்கள் கடிதத்துக்குப் பிறகு எனக்கு வெளிநாடு கிடையாது என்றேன். கோபமாகத்தான் சொன்னேன், மறைக்கவில்லை. கடிதத்தை வேண்டுமானால் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்களேன் என்று மைத்துனர் நடுவில் புகுந்தார்.

சக்கரவர்த்தி பாபு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பதிவுப் படிவத்தை என்னிடமிருந்து வாங்கினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"கடிதத்தை நான் வாபஸ் வாங்க மாட்டேன், அதுல இருக்கறது உண்மை" என்றார். "இப்போ எழுதறதையும் படிச்சுக்குங்க, இதுவும் உண்மை."

எண் போட்டு எழுதினார். ஒன்று, இந்த அம்மாள் தெரியாததைத் தெரியாது என்று இருபத்து நான்கு பேர் முன்னால் சொன்னவர். இரண்டு, ஆகையால் இவர் தெரியும் என்று சொன்னால் நாங்கள் நம்புவோம். மூன்று, இவர் வராவிட்டால் நாங்கள் எட்டுப் பேரும் போவதில்லை. கீழே எட்டுக் கையெழுத்து. மாஷிமா போடும்போது பேனாவை வைத்துவிட்டுப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, என் கண்ணெதிரே விழுங்கினார்.

படிவத்தை உள்ளே எடுத்துப் போனேன். பெரிய பாபு இரண்டு முறை படித்தார். பழைய புகாரைக் கோப்பிலிருந்து எடுத்து, இதை அதன் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பின் குத்தினார்.

"நிதாயை இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடு" என்றார். "அவன் வேற டூருக்குப் போயிடப் போறான்."